நைனா வூட்டு பைப்பு

எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரியவந்த அன்று சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி டிரைவர்கள் எல்லாம் சேர்ந்து கைதட்டினார்கள்.

நான் அங்கே எடை மேடையில் வேலை பார்க்கிறேன். கம்பியும் தகடும் குழாயும் ஏற்றி வரும் லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. அன்று டிரைவர்களுக்காக மார்க்கெட் வாசலில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜைமேல் பிரஷர் பார்க்கும் மெஷின், ஒரு நர்ஸ். வரிசை நீளமாக இருந்ததே தவிர, முதலில் உட்கார ஒருவரும் தயாராக இல்லை. பாரம் ஏற்றிக்கொண்டு ஆந்திரா முழுக்கச் சுற்றி வருகிற ஆட்கள், ஒரு துணிப்பட்டைக்குப் பயந்து ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமு, கைல பட்டை சுத்தி காத்து அடிக்கறதுக்கு இம்மாம் பயமா? நகருங்க" என்று சொல்லிவிட்டு நான் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். பெருமைக்காகத்தான்.

நர்ஸ் ஒருமுறை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இன்னொரு கையைக் கேட்டாள். "அக்கா, தலை வலிக்குதா? மயக்கம் வர்ற மாதிரி இருக்கா?" என்றாள். இல்லையே என்றேன். பந்தலின் மறுகோடியில் இருந்த, முகாமை நடத்தும் பெரியவரை அழைத்து வந்தாள். அவரும் பார்த்துவிட்டு, "நீங்க சீக்கிரமா ஒரு டாக்டர்கிட்ட போகணும்மா. ரொம்ப ஏறிக் கிடக்கு" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "பாத்தீங்களா, வலிக்கவே இல்ல" என்றேன். அப்போதுதான் அந்தக் கைதட்டல். அதன் பிறகு, நான் முந்தி நீ முந்தி என்று எல்லோரும் நாற்காலிக்குத் தள்ளுமுள்ளு.

அடுத்த சனிக்கிழமை ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கிளினிக். டாக்டரம்மா என்னைவிட வயதில் சிறியவர். பேசும்போது மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு, எழுதும்போது அதை மேஜையெல்லாம் தேடுவார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "படுத்து எழுந்தா மெதுவா எழுந்திருங்க. முதல்ல கொஞ்ச நாள் தலை லேசா சுத்தலாம்" என்றார். சொன்னபடியே சுற்றியது. குனிந்து செருப்பு மாட்டி நிமிர்ந்தால் திருவொற்றியூரே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிறகு மெல்ல நேராகும்.

மறுமுறை போனபோது புதிதாக ஒரு பரிசோதனை. படுக்கவைத்து இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை சுற்றினார்கள். நான்கும் ஒரே நேரத்தில் இறுகின. கட்டிப்போட்ட கோழி மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"உங்களுக்கு நாப்பத்தொண்ணு. ஆனா உங்க ரத்தக்குழாய்க்கு அதைவிட நிறைய வயசாயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "ரப்பர் மாதிரி விரிஞ்சு விரிஞ்சு சுருங்கணும். உங்களுது கெட்டிப்பட்டுப் போயிருக்கு. இந்த வயசுல இப்படின்னா பெரும்பாலும் குடும்பத்துல இருக்கும். வீட்டுல வேற யாருக்காவது பிரஷர் இருக்கா?"

"நைனாவுக்குக் கீது டாக்டர். ரொம்ப வருசமா. நைனாவோட நைனா மூட்டை தூக்கிகினு இருக்கும்போதே நெஞ்சைப் புடிச்சிகினு குந்திட்டாராம். அப்புறம் எழுந்துக்கவே இல்லியாம்."

"அப்ப சரி. உங்களுக்கு உங்க அப்பா வழியாத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டர்."

நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க. மாத்திரையை நிறுத்தாம சாப்பிட்டு, உப்பைக் குறைச்சு, நடந்தீங்கன்னா நல்லாவே வச்சுக்கலாம்."

"அது சரி டாக்டர். நைனா வழியா வந்துதுன்னு சொன்னீங்களே, அத்த மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க."

இதைக் கேட்டு நான் ஏன் இப்படி ஆனேன் என்று சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் கடைசிப் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லிச் சீண்டுவார்கள். எங்கள் வீட்டில் நான் கப்பலில் வந்தவள். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவரும் அக்காவும் அண்ணனும் ஒரே அச்சு. குட்டை உருவம், அகன்ற தோள், சுருட்டை முடி, மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. நான் தென்னை ஈர்க்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தேன். முடி குச்சியாக நிற்கும். எழுதுவது இடது கை. எல்லாவற்றுக்கும் மேல், மீன் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். எங்கள் தெருவில் அதை யாரும் மன்னிக்கவில்லை.

"உன்னை ஒரு பொட்டில வச்சு கப்பல்ல அனுப்பிச்சாங்கடி. எடுத்துகினு போக ஆளே வர்ல. நைனா பாவம் பாத்து கிரேன்ல தூக்கியாந்துட்டாரு" என்பாள் அக்கா. என்னைவிட ஏழு வயது பெரியவள். அவள் எது சொன்னாலும் அது எனக்குச் சட்டம். ஒருநாள் நைனாவிடமே போய், எந்தக் கப்பல் என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொரியாக் கப்பல் கண்ணு. செம்ம உயரம்" என்றார். பள்ளிக்கூட வரைபடத்தில் கொரியாவைத் தேடிப் பிடித்து விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

விளையாட்டு என்று பிறகு புரிந்தது. ஆனாலும் கல்யாண வீட்டில் குடும்பமாக நின்று போட்டோ எடுக்கும்போதெல்லாம் நானாகவே ஓரத்துக்குப் போய்விடுவேன். உயரம் மறைக்கும் என்று ஒரு சாக்கு. கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மா நைனாவோடு நான்தான் இன்னும் இருக்கிறேன். நைனாவுக்கு மாத்திரை வாங்கி வருவதே நான்தான். அப்படியும் அந்த முள் உள்ளே எங்கோ கிடந்தது. அதை டாக்டரம்மா ஒரே வார்த்தையில் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர், நான் அவரிடம் சொன்ன கப்பல் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்து. "இதை வச்சு யாரு யாரோட பிள்ளைன்னு சொல்ல முடியாதும்மா. வேற எவ்வளவோ காரணத்தாலயும் வரும்."

அதை நான் காதில் வாங்கவே இல்லை.

மெட்ரோ வந்த பிறகும் எனக்குக் கும்மிடிப்பூண்டி மார்க்கமாகப் போகும் ரயில்தான் பிடிக்கும். ராயபுரத்தில் ஏறிக் கதவோரமாக நின்றேன். கொருக்குப்பேட்டை வருவதற்குள் தனியாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். கொய்யாக் கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த அம்மாள் அண்ணாந்து பார்த்து, "இன்னாமே, நல்ல சேதியா?" என்றாள்.

"ஆமாம்மா. எனக்கு பிரஷரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையில் நல்ல பழமாக ஒன்றைப் பொறுக்கி என் கையில் வைத்து, "உப்பு, மொளகாத்தூள் போடாம துன்னு" என்றாள்.

வீட்டில் நைனா கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நைனா, எனக்கும் உன் பைப்புதானாம்! டாக்டர் சொல்லிட்டாங்க. உனக்கு எப்படிக் கெட்டியாக் கீதோ அப்படியே எனக்கும் கீதாம்" என்று கத்தினேன்.

நைனாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கியது. "அய்யய்யோ, நல்லதெல்லாம் உட்டுட்டு இத்தயா உனக்குக் குடுத்தேன்?" என்றார்.

"இதான் நைனா எனக்கு வோணும்."

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இன்னாடி கூத்து இது? ரத்தக்கொதிப்பு வந்ததுக்கா இந்தக் குதி குதிக்கற?" என்றாள். நான் அவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அதில் எனக்கே தலை சுற்றி, நைனாவின் கட்டிலில் பொத்தென்று விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொள்வதற்குள் அவர்மேலேயே விழுந்துவிட்டேன்.

அக்காவுக்கும் அண்ணனுக்கும் பார்த்துவிடுவது நல்லது, நைனாவையும் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அண்ணன் எண்ணூரில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்து லோடு அடிக்கிறான். உடனே ஒத்துக்கொண்டான். அக்கா விம்கோ நகரிலிருந்து போனில், "எனக்கு இன்னாத்துக்குடி? நான் கல்லு மாதிரி கீறேன்" என்றாள். "கல்லு மாதிரி இருந்தாத்தான் வரணும்னு டாக்டர் சொல்றாங்க" என்று அவளை மடக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி யானை எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் நைனாவும் அம்மாவும். பின்னால் சரக்கு வைக்கிற இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்காவும் நானும். பரிசோதனைக்கு முன்னால் காபி குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நைனா கடுகடுவென்று இருந்தார். துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வண்டி போனது. ஒவ்வொரு பிரேக்குக்கும் எங்கள் நாற்காலிகள் முன்னால் வழுக்கிக்கொண்டு போய் இடிக்கும். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் சிரித்தாள். "எம்மாம் வருசம் ஆச்சுடி நாம இப்படிப் போயி" என்றாள். ஒரு டிரெய்லர் டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "யக்கா, எடை போட்டாச்சா?" என்று கத்தினான். சாத்தாங்காட்டுக்கு வருகிற ஆள். "போட்டாச்சு, ஓவர்லோடு!" என்று நானும் கத்தினேன்.

கிளினிக்கில் முதலில் நைனா படுத்தார். முடிந்ததும் டாக்டரம்மா, "அய்யா, மாத்திரை தினமும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"தலை சுத்தும்போது சாப்பிடுவேன்."

"அப்ப மத்த நாள்?"

"மத்த நாள்தான் நல்லாக் கீறேனே."

நான் மாதாமாதம் வாங்கி வந்து கொடுத்த மாத்திரைகளை நினைத்துக்கொண்டேன். அம்மா, "அரிசி டப்பா பின்னால ஒரு குவியலே கீது. எலிக்குப் போட்டதுன்னு நெனச்சேன்" என்றாள். டாக்டரம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, தினம் தினம் சாப்பிட வேண்டிய காரணத்தை நைனாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையை ஆட்டினார். அவர் குழாய் எதிர்பார்த்தபடியே கெட்டி. அடுத்து அண்ணன். அவனுக்கும் கெட்டி. பிரஷரும் தொடக்கத்தில் இருந்தது. எழுந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வா தோஸ்து, நம்ம கட்சி" என்றான். காபி குடிக்காத நைனாகூடச் சிரித்துவிட்டார்.

கடைசியாக அக்கா படுத்தாள். காகிதம் வெளியே வந்தது. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு அருமையா இருக்கு. உங்க வயசுக்குக் கீழதான் சொல்லணும். நல்லா வளைஞ்சு குடுக்குது. பிரஷரும் சுத்தமா இல்ல."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "நல்லா பாத்தீங்களா? எனக்கும் நைனா மாதிரிதான் இருக்கணும். எல்லாமே நான் நைனா மாதிரிதான்" என்றாள்.

"இதுல மட்டும் இல்ல. சந்தோஷப்படுங்க."

அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்போ கப்பல்ல வந்தது நீதானா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வயிற்றிலிருந்து குமுறிக்கொண்டு வந்தது. நைனா சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். நான் சிரித்தபடியே சட்டென்று எழுந்தேன். மாத்திரை வேலையைக் காட்டியது. கிளினிக் ஒரு பக்கமாகச் சாய, அப்படியே தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலும் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அக்கா அறையில் இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவளும் சிரிக்கிறாள் என்றே நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுதுகொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயதில், தோள் குலுங்கக் குலுங்க.

"அக்கா, சும்மா தமாசுக்குத்தானே சொன்னான்."

"தெரியும்டி. தமாசுன்னு தெரியும்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு அந்தம்மா சொன்னாங்க. ஒருத்தராவது அப்பாடான்னு சொன்னீங்களா? நீங்க மூணு பேரும் ஒரு பக்கம் கையக் குலுக்கிகினு நிக்கறீங்க. நான் கல்யாண வூட்டுக்கு வந்த பக்கத்து வூட்டுக்காரி மாதிரி நிக்கறேன்."

எந்த இடத்தில் அவளுக்கு வலிக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. அந்த இடம் எனக்கு நன்றாகப் பழக்கமான இடம். அவள் தோளில் கை போட்டேன். "கப்பல்ல வந்தவங்களுக்கு ஒரு சௌகரியம் கீது அக்கா. உயரமா இருக்கலாம்" என்றேன். குட்டையாக இருந்த அக்கா என்னை முறைத்தாள். உதட்டோரம் மட்டும் கொஞ்சம் நெளிந்தது.

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "டாக்டரம்மா, இந்த மெஷினு இன்னும் வேலை செய்யுதா? அப்ப என்னையும் பாத்துடு."

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். அம்மா இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவதற்காக மட்டும் வந்தவள். அவளுக்குப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. இப்போது அவளே கட்டிலில் ஏறிப் படுத்து, கொலுசை மேலே தள்ளிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். பட்டைகள் இறுகின. "ஏ, கூச்சமாக் கீதுடி" என்று நர்ஸை அதட்டினாள்.

காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "அம்மா, உங்க வயசுக்கு இது ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு. உங்க பெரிய பொண்ணு மாதிரியே இருக்கு."

"அவ மாதிரி எனக்கு இல்லம்மா. என்னை மாதிரி அவளுக்கு" என்றாள் அம்மா. கட்டிலில் படுத்தபடியே எங்கள் பக்கம் திரும்பினாள். "நைனா மூக்கு, நைனா முடி, நைனா பைப்பு, கொரியாக் கப்பலு! மூணு பேரையும் பெத்தவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேன். ஒருநாளாவது எவனாவது என்னைக் கேட்டீங்களா? இந்த ஒட்டடைக்குச்சி உயரம் யாரோடதுன்னு? என் தம்பிய மறந்துட்டீங்களா? பஸ்ல குனிஞ்சுகினே நிப்பானே. மீனு வாசனைன்னா எனக்கும்தான் ஆவாது. உங்க நைனாவுக்கோசரம் முந்தானையால மூக்கைக் கட்டிகினு இத்தினி வருசமா ஆக்கிப் போடறேன்!"

நைனா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மீன் குழம்பு வைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்வதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுப்புப் புகைக்காக என்று நினைத்திருந்தோம். காஸ் அடுப்பு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

முதலில் சிரித்தது அக்காதான். அழுத முகத்தோடு சிரித்தபடி போய் அம்மாவின் கால் பட்டையை அவிழ்த்து, அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள். நான் அம்மாவின் இன்னொரு பக்கம் போய் நின்றேன். மாமாவின் உயரமும் அம்மாவின் மூக்கும் நைனாவின் ரத்தக்குழாயும் ஒரே நாளில் எனக்குக் கிடைத்திருந்தன. தலை கிறுகிறுத்தது. மாத்திரையாலா மகிழ்ச்சியாலா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. டாக்டரம்மா என் பிரஷரை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார். நிற்கும்போது கொஞ்சம் அதிகமாக இறங்குகிறது என்று மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். "சந்தோஷத்துக்கெல்லாம் என்கிட்ட மருந்து இல்ல. சட்டுன்னு மட்டும் எழுந்திருக்காதீங்க" என்றார்.

மாடியிலிருந்து இறங்கி வந்து, குட்டி யானையின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டு அங்கேயே இட்லி சாப்பிட்டோம். உப்புக் குறைத்து அம்மா அரைத்திருந்த சட்னி சப்பென்று இருந்தது. அண்ணன் பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தான். நைனா தன் டம்ளரோடு அம்மாவுக்கு எதிரில் போய் நின்றார்.

"ஏம்மே, மீனு ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை கேட்டு இருக்கலாம்ல?"

நைனா காபியை ஒரு வாய் குடித்தார். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மீனை இனிமேல் அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்வதாக அறிவித்தார். "அங்க ஆக்கப்போறது யாரு? அதையும் உன் மவனையே ஆக்கச் சொல்லு" என்றாள் அம்மா. அண்ணன் இட்லியை வாயில் வைத்தபடி திகைத்து நின்றான்.

இப்போது நைனா தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் டிபன் முடிந்ததும் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்போம். அவர் டம்ளரை என் டம்ளரில் இடித்து, "சியர்ஸ் கண்ணு" என்பார். அவர் உண்மையிலேயே விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்து அகப்பட்டுக்கொண்டார். நடைக்கு அக்கா வருகிறாள். அவளுக்குத் தேவையில்லை என்றாலும் வருகிறாள். சாயங்காலத்தில் கடலோரம் கல் கொட்டிய கரை ஓரமாக அவள் முன்னால் விறுவிறுவென்று போவாள். நைனாவும் நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். அவள் திரும்பி நின்று இடுப்பில் கைவைத்து, "இன்னா, கெட்டி பார்ட்டி, வண்டி நகருமா நகராதா?" என்பாள். அந்தத் திமிரைப் பார்க்க வேண்டும். காற்றில் அவளுடைய சுருட்டை முடி நாலா பக்கமும் பறக்கும். நைனா, "அம்மாக்காரி வாயி அப்படியே வந்து கீது பாரு" என்று என் காதில் மட்டும் சொல்வார்.